பூனைக் காலில் கரிசல்

கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல், ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் வேறு ஆளாகிவிடும். செருப்போடு காட்டுக்குள் இறங்கினால் பத்து எட்டுக்குள் செருப்பு கல்லாகக் கனக்கும். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் விரல் இடுக்கெல்லாம் மண் ஏறிக்கொள்ளும். வீட்டு வாசலில் குச்சி வைத்துச் சுரண்டி, குடத்துத் தண்ணீரில் கழுவி உள்ளே போனாலும் அடுப்படி வரைக்கும் தடம் போயிருக்கும்.

ஊரை விட்டுச் சென்னை வந்து, நான்காவது மாடியில் குடியிருந்து, தரை முழுக்க வெள்ளை டைல்ஸ் போட்ட பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, வந்த மறுநாள் காலையில் ஹாலின் நடுவில் நின்றார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்காலைத் தூக்கித் தடவிப் பார்த்தார். விரலில் கடுகைவிடச் சிறிதாக, சாம்பல் நிறத்தில் நாலைந்து மணிகள். “ஏய்யா, நாலாவது மாடிக்கு யாருய்யா கரிசலைக் கொண்டாந்தது?”

கொண்டுவந்தவள் சோபாவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பெயர் சுப்பி. அந்த மணிகள் அவளுடைய கழிப்புத் தட்டிலிருந்து வந்தவை. அம்மா கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் கனிமவியல்படி அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. கோவில்பட்டிக் கரிசலை அந்தப் பாடு படுத்துகிற களிமண் கனிமமும், பூனை வளர்ப்பவர்கள் பை பையாக வாங்கும் கேட் லிட்டரில் இருப்பதும் ஒன்றே. அதன் பெயர் மான்ட்மோரிலோனைட். பிரான்சில் மான்ட்மோரியோன் என்ற ஊரில் கிடைத்ததால் 1847-ல் வைத்த பெயர். நம் ஊரில் முதலில் பார்த்திருந்தால் கரிசலைட் என்று வைத்திருப்பார்கள்.

(பெயரைச் சொல்லும்போது இன்னொரு தொல்லை. தமிழில் எழுதினால் பூனை லிட்டரும் பால் லிட்டரும் ஒன்றாகிவிடுகின்றன. சில நிறுவனங்கள் அதை எடைக்குப் பதில் கொள்ளளவில் விற்கின்றன. கடையில் போய் 5 லிட்டர் லிட்டர் கேட்டுப் பாருங்கள். இனி இந்த அத்தியாயத்தில் அதைப் பூனை மணல் என்றே சொல்கிறேன்.)

பூனை மணல் பிறந்த கதையே வீடெல்லாம் இறைந்த ஒரு தடத்தில்தான் தொடங்குகிறது. 1947 ஜனவரி. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கசோபோலிஸ் என்ற சிற்றூர். அக்கம்பக்கத்துப் பெண்மணி ஒருவர் எட் லோவ் என்ற இளைஞரிடம் வந்து கொஞ்சம் மணல் கேட்கிறார். அவருடைய மணல் குவியல் பனியில் உறைந்து பாறையாகிவிட்டது. அதுவரை பூனைக்கு அடுப்புச் சாம்பலைத்தான் போட்டு வைத்திருந்தார். பூனை சாம்பலை மிதித்து, வீடு முழுக்கக் கறுப்புக் கறுப்பாகக் கால் பதித்து வைத்திருந்தது. லோவ் குடும்பத்தின் தொழில், தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயையும் கிரீஸையும் உறிஞ்ச மரத்தூள், களிமண் மணிகள் போன்றவற்றை விற்பது. மணலுக்குப் பதில் ஒரு பை களிமண்ணைக் கொடுத்தனுப்பினார். அந்தப் பெண்மணி திரும்பி வந்து இன்னும் வேண்டும் என்று கேட்டார்.

லோவ் பத்துப் பைகளில் 5 பவுண்டு வீதம் நிரப்பி, மேலே கையால் ‘கிட்டி லிட்டர்’ என்று எழுதி, 65 சென்ட் விலை வைத்துக் கடைக்குக் கொண்டுபோனார். மணல் கிட்டத்தட்டச் சும்மா கிடைக்கும்போது மண்ணுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கடைக்காரர் கேட்டார். அப்படியானால் சும்மாவே கொடுங்கள் என்றார் லோவ். வாங்கிப் போனவர்கள் அடுத்த முறை காசோடு வந்தார்கள். 1990-ல் அவர் தொழிலை விற்றபோது அதன் மதிப்பு கோடிக்கணக்கான டாலர்.

அன்று அவர் கொடுத்த களிமண் நம்மில் பலருக்கு முகத்தில் பூசிப் பழக்கம். முல்தானி மிட்டி அந்த வகைதான். ஆட்டு ரோமத்திலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட மண் அது. நீரை நன்றாக உறிஞ்சும். ஆனால் கட்டியாகாது. நனைந்தது எது, நனையாதது எது என்று பிரிக்க முடியாததால் சில நாட்களுக்கு ஒருமுறை தட்டையே மொத்தமாகக் கொட்ட வேண்டும். 1980-களில் தாமஸ் நெல்சன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் இதற்கு வழி கண்டார். சோடியம் மிகுந்த பென்டோனைட் களிமண்ணைப் பொடி மணிகளாக்கிப் போட்டால், சிறுநீர் பட்ட இடம் மட்டும் உருண்டையாகத் திரண்டுகொள்ளும். அந்த உருண்டையை மட்டும் அள்ளிப் போட்டால் போதும்.

அது எப்படித் திரள்கிறது என்பதைப் பார்த்தால்தான், அது ஏன் வீடெல்லாம் வருகிறது என்பதும் புரியும். பென்டோனைட்டில் பெரும்பங்கு மான்ட்மோரிலோனைட்தான். அது சீட்டுக்கட்டு மாதிரி. ஒவ்வொரு சீட்டின் தடிமனும் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சீட்டுகளின் மேல் எதிர்மின்னூட்டம் உண்டு. நடுநடுவே சோடியம் அயனிகள் உட்கார்ந்து அவற்றைச் சமன் செய்கின்றன. தண்ணீர் வந்ததும் சோடியம் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு பருக்கிறது. சீட்டுகள் விலகுகின்றன. உலர்ந்திருந்தபோது இருந்த கன அளவைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் சில வகைகள் உப்பும். விலகிய சீட்டுகள் பக்கத்து மணியின் சீட்டுகளோடு கலந்து பசையாகின்றன. ஒரு கிராம் மண்ணில் உள்ள இத்தனை சீட்டுகளின் மேற்பரப்பையும் விரித்துப் பரப்பினால் சுமார் 750 சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் மூன்று கிரவுண்டுக்கு மேல். ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மூன்று கிரவுண்டு மனை இருந்தால் அது ஏன் எதைப் பார்த்தாலும் ஒட்டாது?

பென்டோனைட் இந்தியாவில் முக்கியமாகக் குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைக்கிறது. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகள் சிதைந்து உண்டானது. கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் மோட்டார் பம்பு உறைகளை வார்க்க அச்சு மணலைப் பிடித்து நிறுத்துவது பென்டோனைட்தான். மெட்ரோ நிலையத்துக்குப் பூமிக்குள் சுவர் எழுப்பும்போது, தோண்டிய பள்ளம் சரியாமல் தாங்குவதும் அதன் கரைசல்தான். உங்கள் அடுக்ககத்தின் எர்த் குழியிலும் அநேகமாக அது இருக்கும். இத்தனை பெரிய வேலைகளுக்கு உதவும் பசை, பூனையின் காலில் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் தவறு.

இனி காலுக்கு வருவோம்.

பூனை தூங்கும்போது அதன் முன்காலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். முன்காலில் ஐந்து விரல், பின்காலில் நான்கு. தரையில் படும் ஒவ்வொரு விரலின் அடியிலும் பருப்பு மாதிரி ஒரு மெத்தை. நடுவில் அகன்ற ஒரு மெத்தை. மெத்தைகளுக்கு இடையே ஆழமான இடுக்குகள். இடுக்குகளில் முடி. பாரசீகப் பூனையாக இருந்தால் அந்த முடி மெத்தைக்கு வெளியே குஞ்சம் கட்டியதுபோல நீண்டிருக்கும். பூனைக்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. உள்ளங்கால் மெத்தைகளில் மட்டும் வேர்க்கும். டாக்டரிடம் கூட்டிப்போகும்போது மேசையில் ஈரத் தடம் பதிவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். ஆக ஈரம், இடுக்கு, முடி மூன்றும் ஒரே இடத்தில். உப்பும் மண்ணைப் பிடித்துவைக்க இதைவிட நல்ல கருவியை யாராலும் செய்ய முடியாது.

பெரிய மணி ஒட்டாது, சின்ன மணி ஒட்டும். ஏன்? ஒரு மணியைப் பிடித்து வைக்கும் ஒட்டு விசை அதன் விட்டத்தோடு ஏறக்குறைய ஒரே வீதத்தில் கூடுகிறது. கீழே இழுக்கும் எடையோ விட்டத்தின் மும்மடியில் கூடுகிறது. விட்டம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்கு, எடை எட்டு மடங்கு. ஒரு மில்லிமீட்டர் களிமண் மணி கிட்டத்தட்ட ஒரு மில்லிகிராம் இருக்கும். பூனைக்கென்று விற்கும் பைன் மர உருளை ஒன்று அரை கிராமுக்குப் பக்கத்தில் வரும். உருளை காலில் ஏறினாலும் அடுத்த எட்டிலேயே விழுந்துவிடும். மணி படுக்கையறை வரை பயணம் செய்யும்.

அப்படியானால் உருளைக்கு மாறிவிட்டால் முடிந்ததே என்று தோன்றும். நானும் மாறினேன். சுப்பி உருளைகளை முகர்ந்து பார்த்தாள், ஒரு காலை வைத்தாள், எடுத்து உதறினாள், போய் என் மடித்து வைத்த வேட்டி மேல் உட்கார்ந்தாள். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

குற்றம் அவளுடையது அல்ல. வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் காட்டுப்பூனை. மரபணு ஆய்வுகள் 2007-ல் இதை உறுதி செய்தன. மெல்லிய, உலர்ந்த, காலால் தோண்ட எளிய மண்ணில் பள்ளம் பறித்து மூடும் பழக்கம் அதன் உடம்போடு வந்தது. குட்டி மூன்று நான்கு வாரத்திலேயே யாரும் சொல்லித் தராமல் தோண்ட ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் பீட்டர் போர்ச்செல்ட் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், பல வகை மணல்களை அருகருகே வைத்தபோது பூனைகள் அதிகம் நாடியது பொடியான, திரளும் களிமண்ணைத்தான். பூனைக்கு எது பிடிக்கிறதோ அதுவே வீட்டில் இறைகிறது. வீட்டில் இறையாதது எதுவோ அது பூனைக்குப் பிடிப்பதில்லை. கடையில் மணலை மாற்றி மாற்றி வாங்கியே இதைத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பூனையோடு மோதுகிறார்கள். மோதலில் பூனைதான் ஜெயிக்கும்.

சோயாச் சக்கையில் செய்யும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள டோஃபு மணல் நடுவாந்தரமானது. பல பூனைகள் ஒத்துக்கொள்கின்றன. மாற்றுவதாக இருந்தால் பழைய மணலில் கால் பங்கு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெல்லக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சிலிக்கா உருண்டைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. உருண்டையானவை ஓடும். ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்ச் சேர்ந்த ஒன்றை எடுக்க நீங்கள் தரையில் படுக்க வேண்டியிருக்கும்.

நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட விஷயம், மணல் வெளியே வரும் வழி ஒன்று அல்ல என்பது. ஒரு கறுப்பு சார்ட் தாள் வாங்கி வந்து தட்டுக்கு முன்னால் விரித்தபோதுதான் தெரிந்தது. சுப்பி ஒருமுறை போய் வந்த பிறகு தாளைப் பார்த்தேன். தட்டின் ஒரு விளிம்பிலிருந்து விசிறி மாதிரி விரிந்த ஒரு சிதறல். விளிம்பருகே அடர்த்தி, தூரம் போகப் போக அருகல். அதைத் தாண்டி, ஒன்றுவிட்டு ஒன்றாகச் சின்னச் சின்னக் குவியல்கள், அவள் போன திசையில். இவை இரண்டுக்கும் மேல், விரலால் தடவினால் மட்டும் தெரியும் ஒரு வெண்படலம். எறிந்தது, சுமந்தது, பறந்தது என்று மூன்று. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எறிதல் பள்ளிக்கூட இயற்பியல். தோண்டும் கால் ஒரு மணியை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 45 பாகைச் சாய்வில் வீசினால் அது 40 சென்டிமீட்டர் தூரம் போய், 10 சென்டிமீட்டர் உயரம் எழும். வேகம் 3 மீட்டரானால் தூரம் 90 சென்டிமீட்டரைத் தாண்டும், உயரம் 23 சென்டிமீட்டர். கடையில் விற்கும் சாதாரணத் தட்டின் விளிம்பு பெரும்பாலும் ஒரு சாண் கூட இருக்காது. அதற்கு முன்னால் சின்ன மிதியடி போட்டால் எறிந்த மணல் மிதியடிக்கு அப்பால்தான் விழும். ‘மிதியடி வாங்கியும் பிரயோசனமில்லை’ என்று சலித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் எறியும் பூனைக்குச் சுமக்கும் பூனையின் மருந்தைக் கொடுத்தவர்கள். இங்கே வேண்டியது சுவர்.

துணி அடுக்கி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு, பாத்திரக்கடையில் கிடைக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு சாணுக்குக் கீழே வரும்படி வாசல் வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். பெட்டியின் நீளம் பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். சின்னத் தட்டில் திரும்ப இடமில்லாத பூனை விளிம்பில் ஏறி நின்று வெளியே தள்ளும். மணல் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம் போதும். அள்ளிக் கொட்டினால் அள்ளி எறிவதற்குத்தான் உதவும். மிகக் குறைத்தாலும் ஆகாது. சிறுநீர் அடித்தட்டில் போய்ப் பிடித்துக்கொள்ளும், பூனையும் பிளாஸ்டிக்கைப் பிராண்டும்.

மூடிய பெட்டி பூனைக்குப் பிடிக்காது என்ற பயம் பரவலாக இருக்கிறது. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் 27 பூனைகளுக்கு இரண்டும் வைத்துப் பார்த்தார்கள். 19 பூனைகளுக்கு எதுவானாலும் சரி. மீதியில் பாதி மூடியதையும் பாதி திறந்ததையும் விரும்பின. ஆனால் மூடிவைத்தால் நாற்றம் உள்ளேயே நிற்கும், நமக்கும் கண்ணில் படாததால் அள்ள மறந்துவிடும். மேலிருந்து குதித்து இறங்கும் பெட்டி மணலை நன்றாகத் தடுக்கிறது. மூட்டுவலி வந்த கிழப் பூனைக்கும் குட்டிக்கும் அது ஆகாது.

சுமந்து வருவதற்குத்தான் மிதியடி. தேன்கூடு மாதிரித் துளையிட்ட இரண்டடுக்கு ரப்பர் மிதியடிகள் வேலை செய்வதற்குக் காரணம் எளிது. துளையின் விளிம்பில் அழுந்தும்போது விரல்கள் விரிகின்றன. இடுக்கு திறக்கிறது, மணி உதிர்ந்து கீழ் அடுக்கில் விழுகிறது. ஒரே எட்டில் எல்லாம் உதிராது. பூனை மூன்று நான்கு எட்டு நடக்கும் நீளம் வேண்டும். சாண் நீள மிதியடியைப் பூனை தாண்டிக் குதித்துவிடும். தென்னை நார் மிதியடியும் உதறிவிடும், விலையும் மலிவு, ஆனால் குத்துகிறது என்று சில பூனைகள் மிதிப்பதில்லை. முடி நீண்ட பூனைக்கு விரலிடை முடியை முனை மழுங்கிய கத்தரியால் மெத்தை மட்டத்துக்கு நறுக்கிவிடுவது எந்த மிதியடியையும்விட மேல்.

தட்டை வைக்கும் இடத்தில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு தப்பு நடக்கிறது. நாற்றத்துக்குப் பயந்து குளியலறையில் வைக்கிறோம். நம் குளியலறைத் தரை எந்நேரமும் ஈரம். ஈரக் காலோடு தட்டில் இறங்கும் பூனை, மழைக்குப் பிறகு கரிசலில் இறங்கிய ஆள். களிமண் அப்பிக்கொண்டு வெளியே வந்து, ஹாலில் காய்ந்து, அங்கே உதிரும். உலர்ந்த மூலை, இரண்டு பக்கம் சுவர், ஒரு பக்கம் வழி, மேலே மின்விசிறி இல்லாத இடம். அது போதும்.

மின்விசிறியைச் சொன்னதற்குக் காரணம் மூன்றாவது வகை. தூசி. அசையாத காற்றில் 10 மைக்ரான் களிமண் துகள் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் எடுக்கும். 1 மைக்ரான் துகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். விசிறி சுற்றினால் அது இறங்கவே இறங்காது, அலமாரி மேலும் உங்கள் மூச்சிலும் போய்ச் சேரும். பையைத் தலைக்குமேல் தூக்கி மாவு கொட்டுவதுபோலக் கொட்டாமல், வாயைத் தட்டுக்குள் நுழைத்து மெல்லச் சரிக்க வேண்டும். விசிறியை அணைத்துவிட்டு.

கடைசியாக, சுத்தம் செய்யும் முறை. இதில் நான் பட்டது தனிக் கதை. அம்மா அந்த மணிகளைப் பார்த்த அன்றே, “இதைக் கூட்டுனா போகாதுய்யா, தண்ணி ஊத்திக் கழுவிரணும்” என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டார். நானும் தடுக்கவில்லை. தட்டில் இருந்ததையும் சேர்த்துக் குளியலறைச் சாக்கடையில் தள்ளினோம். ஹாலில் வழவழவென்று ஒரு சேறு. துடைக்கத் துடைக்கப் பரவியது. இரண்டு நாளில் குளியலறையில் தண்ணீர் தேங்கியது. வந்த பிளம்பர் குழாய்க்குள் கம்பியை விட்டு இழுத்து, நுனியில் வந்த சாம்பல் களியைப் பார்த்துவிட்டு, “என்ன சார், உள்ள சிமென்ட் கலந்து ஊத்துனீங்களா?” என்றார். தெரிந்தே செய்திருந்தால் அதைப் பொறியியல் என்பார்கள். கசியும் குளங்களின் அடியில் பென்டோனைட் பூசித்தான் தண்ணீரை நிறுத்துகிறார்கள்.

ஆகவே முதலில் பூந்துடைப்பத்தால் உலர்வாகக் கூட்டி எடுங்கள், அதன் பிறகே மாப். அள்ளிய உருண்டைகளைத் தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள், கழிப்பறையில் வேண்டாம். அள்ளுவதை நாள்தோறும் செய்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றிய பூனையின் மலத்தில் வெளிவரும் முட்டை போன்ற உறைகள், தொற்றும் நிலைக்கு வர ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் பயம் பெரும்பாலும் போய்விடும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது உயரமான பெட்டியும், முன்னால் மூன்றடி மிதியடியும் இருக்கின்றன. மணல் பழைய பொடிக் களிமண்ணேதான். சுப்பி எறிகிறவள் என்று தாள் சொன்னதால் முதலில் பெட்டிக்குத்தான் செலவு செய்தோம். உங்கள் பூனை சுமக்கிறதாக இருக்கலாம். இன்று இரவு தட்டுக்கு முன்னால் ஒரு கறுப்பு சார்ட் தாளை விரித்து வையுங்கள். காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.